வயலின், ஹார்ன், பியானோ: ஹாம்பர்க்கிலிருந்து வியன்னா வரை

செவ்வாய், ஹாம்பர்க்

வயலின், பிரெஞ்சு ஹார்ன், பியானோ மூன்றும் சேரும் ட்ரியோக்களில் மேடையில் நிலைத்து நிற்பவை இரண்டு. யோஹானஸ் பிராம்ஸ் 1865இல் எழுதிய ஈ ஃப்ளாட் மேஜர் ட்ரியோ, ஓபஸ் 40 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). அடுத்தது ஜியார்ஜ் லிகெட்டி 1982இல் எழுதிய ஹார்ன் ட்ரியோ. பிராம்ஸ் பிறந்தது இதே ஹாம்பர்க்கில். லிகெட்டி 1973 முதல் 1989 வரை இங்குள்ள இசைக் கல்லூரியில் கற்பித்தார். இருவரும் அடக்கமானது வியன்னாவில். அதனால் பாதை தானாகவே அமைந்துவிட்டது. இந்தக் குறிப்புகள் இவற்றை வாசிக்கப் போகிறவர்களுக்கும், வாசிப்பதை உன்னிப்பாகக் கேட்கிறவர்களுக்கும்.

பிராம்ஸ் அருங்காட்சியகம் பேட்டர்ஸ்ட்ராஸ தெருவில், 39ஆம் எண் வீட்டில் இருக்கிறது. அவர் பிறந்த வீடு இதுவல்ல. 1833 மே 7 அன்று அவர் பிறந்த வீடு கொஞ்ச தூரத்தில் கெங்கஃபியர்ட்டெல் என்ற நெருக்கடியான குடியிருப்பில் இருந்தது. 1943 குண்டுவீச்சில் அது அழிந்தது. அருங்காட்சியகத்தில் பலரும் நின்று பார்ப்பது 1859இல் செய்த மேசைப் பியானோவை. பிராம்ஸ் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கருவி அது. ஹார்ன்காரர்கள் இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவருடைய அப்பா. யோஹான் யாகோப் பிராம்ஸ் டபுள் பேஸும் ஹார்னும் வாசித்துப் பிழைத்தவர், நகரக் காவல்படையின் வாத்தியக் குழுவில் ஹார்ன்காரர். மகனும் சிறு வயதில் வால்வு இல்லாத ஹார்னைக் கற்றுக்கொண்டார்.

இதை அறியாமல் ஓபஸ் 40ஐத் தொட்டால் ஓர் இடத்தில் தடுக்கும். ஹார்னுக்கு வால்வு, அதாவது குழாயின் நீளத்தை விரலால் மாற்றும் பொறி, வந்தது 1810களில். பிராம்ஸ் இந்த ட்ரியோவை எழுதும்போது வால்வு ஹார்னுக்கு ஏறக்குறைய 50 வயது, இசைக் குழுக்களில் சாதாரணமாகப் புழங்கிய கருவி. தெரிந்தேதான் அவர் முதல் பக்கத்தில் வால்ட்ஹார்ன் என்று, அதாவது வால்வு இல்லாத பழைய ஹார்ன் என்று, எழுதினார். காரணத்தையும் சொல்லியிருக்கிறார்: ஹார்னின் மணிவாயைக் கையால் மூடி எடுக்கும் ஸ்வரங்கள் ஹார்ன்காரரை மெல்ல வாசிக்க வைக்கும், அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் பியானோவும் வயலினும் அவருக்கு இணங்கிப் போக வேண்டியதில்லை, பிறகு நாதம் ஆரம்பத்திலிருந்தே முரடாகிவிடும். இந்த ட்ரியோவின் ஒத்திகை முழுவதற்கும் இந்த ஒரு கருத்துதான் அடித்தளம். சத்தத்தின் அளவை நிர்ணயிப்பது ஹார்னின் மூடிய ஸ்வரம். மற்ற இருவரும் அதற்குள் அடங்க வேண்டும்.

மாலையில் லைஸ்ஹாலே பக்கம் நடந்து போகலாம். 1908இல் திறந்த அரங்கம் அது. எதிரில் உள்ள சதுக்கத்துக்கு பிராம்ஸின் பெயர். அங்கே ஒரு கருங்கல் கனசதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு வயதுகளில் அவர் முகம் செதுக்கியிருக்கிறது. தாடி இல்லாத பிராம்ஸையும் அதில் பார்க்கலாம். இந்த ட்ரியோவை எழுதியபோது அவருக்கு 32 வயதுதான், முகத்தில் தாடி இல்லை.

புதன், பெர்கெடார்ஃப்

ஹாம்பர்க் மத்திய நிலையத்திலிருந்து எஸ்-பான் ரயிலில் ஏறினால் 20 நிமிடம் சுமாருக்குப் பெர்கெடார்ஃப். நகரின் கிழக்கு விளிம்பு, சிறிய கோட்டை, அதைச் சுற்றி நீர். லிகெட்டியின் ஹார்ன் ட்ரியோ 1982 ஆகஸ்ட் 7 அன்று முதன்முதலில் ஒலித்தது இங்கேதான். வயலின் சாஷ்கோ காவ்ரிலோஃப், ஹார்ன் ஹெர்மன் பவ்மன், பியானோ எக்கார்ட் பெஷ். தலைப்புக்குக் கீழே பிராம்ஸுக்கு அஞ்சலி என்று எழுதியிருக்கிறது. ஆனால் பிராம்ஸின் மெட்டு எதுவும் உள்ளே இல்லை. வயலின் முதலில் எடுக்கும் சிறு சொற்றொடர் பீத்தோவனின் ஓபஸ் 81ஏ சொனாட்டாவின் தொடக்கத்தைக் கோணலாக்கியது. வேட்டை ஹார்ன்கள் இரண்டு சேர்ந்து ஊதும் பழைய மூன்று அடுக்கு, சுருதி விலகி வருகிறது.

மொத்தம் நான்கு பகுதிகள், 22 நிமிடம் சுமார். இதில் எங்கே தடுக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒத்திகையில் பல மணி நேரம் மிச்சமாகும்.

முதலாவது, சுருதி. ஹார்ன்காரர் வால்வால் ஒரு குழாய் நீளத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த நீளத்தின் இயற்கை ஸ்வரங்களை, அதாவது உதட்டால் மட்டும் கிடைப்பவற்றை, அப்படியே ஊத வேண்டிய இடங்கள் நிறைய. ஏழாவது இயற்கை ஸ்வரம் பியானோவின் சுருதியைவிட 31 சென்ட் கீழே நிற்கும். ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. பதினொன்றாவது, பியானோவின் இரண்டு அடுத்தடுத்த கட்டைகளுக்குச் சரியாக நடுவே விழும். பழகிய ஹார்ன்காரரின் வலது கை தன்னையறியாமல் இவற்றைத் திருத்தப் பார்க்கும். திருத்தக் கூடாது. வயலின்காரரும் அவரைத் தேடிப் போய்ச் சேரக் கூடாது. ஒத்திகையில் பியானோவை நிறுத்திவிட்டு, ஹார்ன் மட்டும் அந்த ஸ்வரத்தை நீளமாகப் பிடிக்கட்டும், வயலின் தன் ஸ்வரத்தை அதன் அருகே வைத்து அந்த இடைவெளியைக் காதில் வாங்கிக்கொள்ளட்டும். காது பழகிய பிறகு பியானோவைச் சேர்த்தால் யாரும் இழுபட மாட்டார்கள்.

இரண்டாவது பகுதியில் சிக்கல் தாளம். எட்டு அட்சரம் 3+3+2 என்று ஓடும், அதன் மேல் வேறு கணக்குகள் ஏறும். இல்லாத மக்களின் நாட்டுப்புற இசை என்பது லிகெட்டியின் கற்பனை: ஹங்கேரி, ருமேனியா, பால்கன் நாடுகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நடுவே கிடந்தால் எப்படியிருக்குமோ அப்படி. நம்மவர்கள் "தகிட தகிட தக" என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசித்துப் பழகினால் இந்தப் பகுதி சீக்கிரம் பிடிபடும். ஒன்று இரண்டு என்று எட்டு வரை எண்ணுகிறவர்களுக்கு ஐந்தில் ஓர் அழுத்தம் தானாக விழும், அங்கேதான் மூவரும் பிரிவார்கள்.

மூன்றாவது பகுதி அணிவகுப்பு நடை. வயலினும் பியானோவும் சேர்ந்து தொடங்கி ஒன்றை ஒன்று விட்டு விலகும். இதற்குத் தனித்தனித் தாள்கள் உதவாது, மூவருமே முழு ஸ்கோரிலிருந்து, அதாவது மூவரின் வரிகளும் சேர்ந்த தாளிலிருந்து, வாசிக்க வேண்டும். பக்கம் திருப்புவது உடனே தலைவலியாகும். டேப்லெட்டும் கால் மிதியும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் திருப்புகிறவர் ஒருவர் பியானோவுக்கு மட்டுமாவது வேண்டும். கடைசிப் பகுதி புலம்பல். அதன் முடிவில் ஹார்ன் மிகக் கீழே பெடல் ஸ்வரங்களில் தங்க, வயலின் எட்டாத உயரத்தில் நிற்கும். இந்தக் கீழ் ஸ்வரங்களுக்கு உதடு தளர வேண்டும். தளர்ந்த உதடு மேல் ஸ்தாயிக்குத் திரும்ப நேரம் எடுக்கும். அதனால் ஒரே மாலையில் லிகெட்டியையும் பிராம்ஸையும் வைத்தால், லிகெட்டி முதல் பாதி, பிராம்ஸ் இடைவேளைக்குப் பின் என்பதே பாதுகாப்பான வரிசை. நடுவே குறைந்தது 20 நிமிடம். மாற்றி வைக்கிற குழுக்களும் உண்டு. ஹார்ன்காரருக்கு அசாத்திய உதடு இருந்தால் மட்டும் செய்யலாம்.

வியாழன், ரயில்

ஹாம்பர்க்கிலிருந்து பாடன்-பாடனுக்கு ஐசிஇ ரயிலில் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். எழுத அதிகம் இல்லை, வாத்தியம் கொண்டு பயணிப்பது பற்றிச் சில விஷயங்கள் மட்டும்.

மணிவாயைத் திருகிக் கழற்றும் வகை ஹார்ன் என்றால் தட்டையான பெட்டியில் அடங்கும், ரயிலில் தலைக்கு மேல் தட்டிலும் வைக்கலாம். கழற்ற முடியாத வகையைக் கதவருகே பெட்டிகள் குவிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பெட்டி சரிந்தால் மணிவாயின் விளிம்பு நசுங்கும். நசுங்கிய விளிம்பைத் தட்டி எடுக்க ஒரு பட்டறையைத் தேட வேண்டியிருக்கும். வால்வு இல்லாத ஹார்ன் என்றால் அதன் சுருதியை மாற்றும் சுருள் குழாய்களும் சேர்ந்து வரும். க்ரூக் என்பார்கள். இந்தப் பயணத்துக்கு ஈ ஃப்ளாட் க்ரூக் ஒன்று போதும். மற்றவற்றை வீட்டில் விட்டால் பெட்டி பாதி இலகுவாகும். வயலின் பெட்டியில் ஈரப்பத மானி இருக்கட்டும். வாத்தியம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் ஆணி நழுவாது, ஒட்டு விடாது. குளிர்காலத்தில் சூடேற்றிய ரயில் பெட்டிக்குள் காற்று இதைவிட நன்றாகவே வறண்டு போகும்.

வெள்ளி, லிச்டென்டால்

பாடன்-பாடன் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே ஓஸில் இருக்கிறது. அங்கிருந்து 201ஆம் எண் பேருந்து நகரைக் கடந்து லிச்டென்டால் பக்கம் போகும். மாக்சிமிலியன்ஸ்ட்ராஸ 85. பிராம்ஸ் இந்த வீட்டின் மேல்மாடி அறைகளை வாடகைக்கு எடுத்து 1865 முதல் 1874 வரை கோடைகளைக் கழித்தார். அவருடைய நெருங்கிய தோழியான பியானோ கலைஞர் க்ளாரா ஷூமன் 1862இல் லிச்டென்டாலில் வீடு வாங்கியிருந்தார், நடந்து போகும் தூரம். இந்த வீடு 1960களில் இடிபடும் நிலைக்கு வந்தது. பிராம்ஸ் சங்கம் ஒன்று அமைந்து அதைக் காப்பாற்றியது. திறந்திருப்பது வாரத்தில் சில நாள், அதுவும் சில மணி நேரம் மட்டும். போகும் முன் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஊருக்குள் வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அறைகள் சிறியவை. மூன்று பக்கமும் இருண்ட காட்டு மலைகள், ஏறி இறங்கும் பாதைகள், அழகான வீடுகள் தெரிகின்றன என்று பிராம்ஸ் எழுதினார். இன்று வீடுகள் பெருகிவிட்டன, மலைகள் அப்படியே இருக்கின்றன. வீட்டின் பின்புறம் மேலேறும் பாதைகள் சீக்கிரமே ஃபிர் மரங்களுக்குள் போய்விடும். முதல் பகுதியின் மெட்டு தனக்குக் கிடைத்த இடம் என்று ஒரு மலைக்காட்டைத் தன் நண்பர் ஆல்பர்ட் டீட்ரிச்சுக்குப் பிராம்ஸ் காட்டியிருக்கிறார்.

1865 பிப்ரவரி 2 அன்று அவருடைய தாயார் கிறிஸ்டியானே காலமானார். அதே ஆண்டு மே மாதம் இங்கே இந்த ட்ரியோ உருவானது. மூன்றாவது பகுதியான அடாஜியோ மெஸ்டோவை, அதாவது மெதுவான சோகப் பகுதியை, தாயின் நினைவோடு சேர்த்துக் கேட்பது வழக்கம். ஆனால் துக்கம் எங்கே இருக்கிறது என்பதை ஹார்ன்காரரின் கையில் பார்க்கலாம். இன்று அதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஈ ஃப்ளாட் க்ரூக் போட்ட ஹார்ன் நாலு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரே குழாய். உதட்டால் மட்டும் அதில் கிடைப்பவை அந்தக் குழாயின் இயற்கை ஸ்வரங்கள். ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட் மூன்றும் திறந்த, முழுமையான நாதத்தில் வரும். ஈ ஃப்ளாட் மேஜரின் தூண்களே அவைதான். இடைப்பட்டவற்றை வலது கையால் எடுக்க வேண்டும். கை மணிவாய்க்குள் இருக்கும் நிலையைப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அவற்றின் புறப்பகுதி உலோகத்தின் எதிர்ச் சுவரைத் தொடும். கட்டைவிரல் சுட்டுவிரலோடு ஒட்டியிருக்கும். உள்ளங்கை குழிந்து, காற்று போக வழி விடும். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்க மடக்க வழி குறுகும், ஸ்வரம் இறங்கும், நாதம் மங்கி மூடிக்கொள்ளும். முழுதும் அடைத்து அழுத்தி ஊதினால் சுருதி அரை ஸ்வரம் ஏறி, உலோகம் நடுங்கும் கரகரப்பு வரும்.

அடாஜியோவின் சுருதி ஈ ஃப்ளாட் மைனர். மேஜரின் மூன்று தூண்களுக்கும் மைனரின் மூன்று தூண்களுக்கும் இடையே மாறுவது ஒரு ஸ்வரம்தான்: ஜி இறங்கி ஜி ஃப்ளாட் ஆகும். திறந்த குழாயில் ஜி ஃப்ளாட் கிடையாது. ஜியை ஊதி, கையால் மூடித்தான் அதைப் பெற வேண்டும். ஆக, துக்கத்தைச் சொல்லும் அந்த ஸ்வரமே மூடிய ஸ்வரம். கடைசிப் பகுதி ஈ ஃப்ளாட் மேஜரில் பாயும்போது கை விலகுகிறது, ஜி திறக்கிறது. கருவி தானாகவே வெளிச்சமாகிவிடும், வாசிப்பவர் எதையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. வேகமான இரண்டாவது பகுதியான ஸ்கெர்ட்ஸோவின் நடுப்பகுதியும் இதே கணக்கில் அமைந்தது. அதன் சுருதி ஏ ஃப்ளாட் மைனர், ஏழு ஃப்ளாட்கள். அதன் ஆதார ஸ்வரமான ஏ ஃப்ளாட்டே திறந்த குழாயில் சரியாக வராது. பதினொன்றாவது இயற்கை ஸ்வரம் அதற்கு அரை ஸ்வரத்தில் பாதி மேலே நிற்கும், கையால் இறக்க வேண்டும். சுற்றியுள்ள ஸ்கெர்ட்ஸோ பிரகாசமாக ஓட, நடுவே எல்லாம் திரைக்குப் பின்னால் போய்விட்டதாகக் கேட்பது இதனால்தான்.

பிராம்ஸ் முதல் பகுதியை சொனாட்டா வடிவில் எழுதவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய பல பகுதிகள் கொண்ட சேம்பர் படைப்புகளில், அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பவற்றில், முதல் பகுதி சொனாட்டா வடிவில் இல்லாதது இது ஒன்றுதான். நிதானமான ஆண்டான்டே, அதனிடையே இரண்டு முறை கொஞ்சம் வேகமான 9/8 பகுதி, மறுபடி ஆண்டான்டே. சொனாட்டா வடிவம் தொலைதூரச் சுருதிகளில் அலைய வேண்டும். அப்படி அலைந்தால் வால்வு இல்லாத ஹார்ன் பெரும்பாலும் மூடிய ஸ்வரங்களிலேயே திணறும். இப்படி வைத்ததால் ஹார்ன் தன் வீட்டுச் சுருதிக்கு அடிக்கடி திரும்புகிறது.

வால்வு ஹார்ன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. இரட்டை ஹார்னின் நீண்ட எஃப் குழாய்ப் பக்கத்தில் முதல் வால்வை அழுத்தியபடியே வைத்தால் குழாய் ஒரு முழு ஸ்வரம் இறங்கி, ஈ ஃப்ளாட் ஹார்ன் ஆகிவிடும். இடது கையை அசைக்காமல், வலது கையால் மட்டும் அடாஜியோவைத் தினமும் கொஞ்ச நேரம் வாசியுங்கள். மேடையில் வால்வோடுதான் வாசிக்கப் போகிறீர்கள் என்றாலும் எந்த ஸ்வரம் மங்க வேண்டும், எது திறக்க வேண்டும் என்று காது தெரிந்துகொள்ளும். பிராம்ஸே இதை ஒட்டி ஒரு வேண்டுகோள் வைத்தார். டீட்ரிச்சின் ஊரில் கச்சேரி என்றபோது, அங்குள்ள ஹார்ன்காரர் சில வாரம் முன்பே வால்வு இல்லாத ஹார்னில் பயிற்சி செய்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார், கார்ல்ஸ்ரூஹேக்காரர் செய்தது போல. அந்தக் கார்ல்ஸ்ரூஹே கச்சேரி நடந்தது 1865 டிசம்பரில். அந்த ஊர் இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

தாள் பற்றி ஒரு வார்த்தை. அசல் ஹார்ன் பகுதி ஈ ஃப்ளாட் ஹார்னுக்கு எழுதியது. எஃப் ஹார்னில் அதை வாசிப்பவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழு ஸ்வரம் கீழே மாற்றிப் படிக்க வேண்டும். எஃபுக்கு மாற்றி அச்சிட்ட தாளும் பல பதிப்புகளில் கிடைக்கும். வசதிதான், ஆனால் அந்தத் தாளில் எது திறந்த ஸ்வரம், எது மூடியது என்பது கண்ணுக்குத் தெரியாது. அசல் தாளில் சி, ஈ, ஜி என்று கண்டால் திறந்தது. ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று கண்டால் மூடியது. வாசிப்பது எந்தத் தாளிலானாலும் அசலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சனி, சூரிச்

பாடன்-பாடனிலிருந்து பாசல் வழியாக சூரிச். ட்ரியோ முதன்முதலில் மேடையேறியது இந்த ஊரில், 1865 நவம்பர் 28 அன்று. பியானோவில் பிராம்ஸ், வயலினில் ஃப்ரீட்ரிச் ஹேகர், ஹார்னில் ஆன்டன் க்ளேஸ். ஹேகர் பிறகு டோன்ஹாலே இசைக்குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 1895இல் ஏரிக்கரையில் புதிய டோன்ஹாலே திறந்தபோது பிராம்ஸ் தன் படைப்பைத் தானே நடத்தினார். பெரிய அரங்கின் கூரை ஓவியத்தில் அவர் முகமும் இருக்கிறது. கழுத்தை வளைத்துத் தேடினால் தாடியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அதன் பக்கத்திலேயே சேம்பர் இசைக்கு என்று சிறிய அரங்கம் உண்டு. இப்படிப்பட்ட மரத்தரையும் செவ்வக வடிவமும் கொண்ட அரங்கில் மூவரை எப்படி உட்கார வைப்பது என்பதைப் பார்க்கலாம்.

வயலின் கேட்பவர்களை நோக்கி ஒலிக்கும், ஹார்ன் பின்னோக்கி ஒலிக்கும். ஹார்னின் மணிவாய் வாசிப்பவரின் வலப்பக்கமும் பின்பக்கமும் பார்த்திருக்கும். ஆகவே ஹார்னின் ஒலி முதலில் எதில் மோதுகிறதோ அதைப் பொறுத்தே அரங்கில் கேட்கும். வழக்கமான அமைப்பில், கேட்பவர்கள் பார்வையில் வயலின் இடது, ஹார்ன் வலது, பின்னால் பியானோ. அப்போது மணிவாய் திறந்த பியானோவின் உள்ளே பார்க்கும். பெடல் அழுத்தியிருந்தால் பியானோவின் கம்பிகள் ஹார்னுக்கு மெல்ல எதிர் ஒலி கொடுக்கும். அடாஜியோவில் இது அழகு. ஸ்கெர்ட்ஸோவில் இரைச்சலாகலாம். ஹார்னைப் பியானோவின் வளைவிலிருந்து ஒரு மீட்டர் முன்னே இழுத்தால் குறையும். பின்சுவர் வெறும் கல்லோ மரமோ என்றால் ஹார்ன் பளிச்சென்று கேட்கும். கனத்த திரை தொங்கினால் மங்கும், திரையை விலக்கச் சொல்லிக் கேளுங்கள். மேடையில் இருந்து இதைத் தீர்மானிக்க முடியாது. அரங்கின் நடுவரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் செல்போனில் பதிவு செய்தாவது கேளுங்கள்.

ஒத்திகையை முதல் பகுதியில் தொடங்காமல் அடாஜியோவில் தொடங்குங்கள். ஹார்ன் மூடிய ஜி ஃப்ளாட்டை மெல்லப் பிடிக்கட்டும், வலிந்து ஊதாமல். வயலின் அந்த அளவுக்குக் கீழே வந்து நிற்கட்டும். பிறகு பியானோ, முதலில் இடது கை மட்டும். பிராம்ஸின் இடது கைச் சுரக் கட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கீழ் ஸ்தாயியில் அடர்த்தியானவை, இன்றைய பெரிய கிராண்ட் பியானோவில் அவை ஹார்னின் ஸ்தாயிக்கு மேலேயே படுத்துக்கொள்ளும். மூடியை முழுதும் திறந்து வைத்து வாசிப்பவர் மெல்ல வாசிப்பது, பாதி மூடிவைத்து ஓங்கி வாசிப்பதைவிட எப்போதும் தெளிவு. மூவரின் அளவும் இங்கே நிலைத்த பின் முதல் பகுதிக்குப் போனால், திறந்த ஸ்வரங்களில் ஹார்ன் எளிதாக மேலே வரும்.

சுருதி சேர்ப்பதில் இரண்டு கவனங்கள். ஹார்னின் திறந்த ஜி, அதாவது ஐந்தாவது இயற்கை ஸ்வரம், பியானோவின் ஜியைவிட 14 சென்ட் கீழே நிற்கும். பியானோவும் அதே ஜியை வாசிக்கும் இடத்தில் ஹார்ன்காரர் கையைச் சற்று விரித்து ஏற்ற வேண்டும். பியானோவில் அது இல்லாத இடத்தில் அப்படியே விட்டால் சுரக் கூட்டு இனிமையாகப் படியும். அடுத்தது வெப்பம். காற்றுக் கருவியில் ஒரு டிகிரி குளிர்ந்தால் கணக்குப்படி சுமார் 3 சென்ட் இறங்கும். மேடை குளிர்ந்திருந்தால் நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஹார்ன் கீழே வந்து நுழையும், பியானோ அசையாது. ஓய்வு நேரத்தில் ஒலி எழாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வயலின்காரர் ஸ்வரத்தை அகலமாக அசைத்து (வைப்ராட்டோ) வாசித்தால் ஹார்னோடு சேரும் இடங்களில் அலையடிக்கும். ஜெர்மன் மரபில் ஹார்ன் அசைவின்றி ஊதும்; வயலின் அசைவைக் குறுக்கினால்தான் இரண்டும் ஒரே குரலாகும்.

ஸ்கெர்ட்ஸோ முடிந்ததும் அடாஜியோவுக்குள் விழுந்தடித்து நுழையாதீர்கள். வேகமாக ஊதிய பிறகு குழாயில் நீர் தேங்கியிருக்கும். வால்வு இல்லாத ஹார்னில் நீர் விடும் சாவி பெரும்பாலும் இருக்காது. கருவியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி வடிக்க வேண்டும். அரை நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் அடாஜியோவின் மிக மெல்லிய ஸ்வரத்தில் குழாய் களகளக்கும். அந்தச் சத்தத்தை மறைக்க வழியே இல்லை.

திங்கள், வியன்னா

நேற்று முழுவதும் ரயில். சூரிச்சிலிருந்து ரெயில்ஜெட்டில் எட்டு மணி நேரம் சுமார், ஆர்ல்பெர்க், இன்ஸ்ப்ரூக் வழியாக. ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே போதும்.

71ஆம் எண் டிராம் மத்திய இடுகாட்டின் இரண்டாம் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். 32ஏ பகுதியில் பீத்தோவன், ஷூபர்ட் பக்கத்தில் பிராம்ஸ். 1897 ஏப்ரல் 3 அன்று இறந்தார். கல்லில் அவர் தலையைக் கையால் தாங்கி ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2006இல் இறந்த லிகெட்டியின் கல்லறையும் இதே இடுகாட்டில்தான் இருக்கிறது.

பிராம்ஸ் கடைசிவரை வசித்த கார்ல்ஸ்காஸ 4ஆம் எண் வீடு இப்போது இல்லை. கார்ல்ஸ் தேவாலயத்தின் அருகே அவருடைய சிலை 1908இல் வைத்தது. எதிரே மியூசிக்ஃபெரைன் கச்சேரி மாளிகை. அதன் சிறிய அரங்கத்துக்கு பிராம்ஸ் பெயர். ஓபஸ் 40 கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் வியன்னாவில் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த ட்ரியோ நிகழ்ச்சியில் வருவது எப்போதாவதுதான், பருவத் தொடக்கத்திலேயே நிரலைப் பார்த்து வைக்க வேண்டும்.

ஊருக்கு வந்த ஹார்ன்காரர்கள் வியன்னா ஹார்னையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வியன்னா பில்ஹார்மோனிக் இன்றும் வாசிப்பது இதைத்தான். ஒற்றை எஃப் குழாய், சுமார் 3.7 மீட்டர். கழற்றி மாட்டும் எஃப் வளையம். வால்வும் வேறு: சுழலாமல் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றாக மேலும் கீழும் போகும். இதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டு இல்லாமல் வழுக்கிப் போகும். உலகின் மற்ற இடங்களில் உள்ள இரட்டை ஹார்னில் குட்டையான பி ஃப்ளாட் பக்கம் ஒன்றும் உண்டு. மேல் ஸ்தாயியில் இயற்கை ஸ்வரங்கள் நெருக்கமாக இருப்பதால் நீண்ட எஃப் குழாயில் பக்கத்து ஸ்வரத்தில் தவறி விழும் வாய்ப்பு அதிகம். குட்டைக் குழாயில் அந்த ஆபத்து குறையும். பிராம்ஸின் கடைசிப் பகுதியில் பி ஃப்ளாட் பக்கம் நிம்மதி தரும். ஆனால் நாதத்தின் கனம் குறையும். இரட்டை ஹார்ன் வைத்திருப்பவர்கள் முதல் பகுதியையும் அடாஜியோவையும் எஃப் பக்கத்தில் வைத்து, ஸ்கெர்ட்ஸோவிலும் கடைசிப் பகுதியிலும் ஆபத்தான இடங்களில் மட்டும் பி ஃப்ளாட் பக்கம் போவதே நாங்கள் பரிந்துரைப்பது.

செவ்வாய், வியன்னா

நோயே புர்க் மாளிகையில் பழைய இசைக் கருவிகளின் தொகுப்பு இருக்கிறது. பியானோ வாசிப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கொன்ராட் க்ராஃப் 1839இல் செய்த பியானோ ஒன்று இங்கே உண்டு. க்ளாரா ஷூமனுக்குத் திருமணப் பரிசாக வந்தது, பிறகு பிராம்ஸிடம் போனது, அவர் 1873இல் இசை ஆர்வலர் சங்கத்துக்குக் கொடுத்தார். சட்டகம் மரம். கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஓடாமல் நேராக, இணையாக ஓடும். சுத்தியல்களுக்குத் தோல் உறை. கீழ் ஸ்தாயியின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும், ஒலி சீக்கிரம் தணியும்.

பிராம்ஸ் 1865இல் வாசித்தது இதே பியானோவில் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மரபில் வளர்ந்த காதுதான் ஓபஸ் 40இன் இடது கையை எழுதியது. பிற்காலத்தில் அவர் வீட்டில் வைத்திருந்ததும் வியன்னாவின் ஷ்ட்ரைஷர் பியானோதான். இன்றைய கிராண்டில் அந்த இடது கையை எழுதியபடி பெடலோடு வாசித்தால் ஒலி ஒன்றின்மேல் ஒன்று தேங்கும். பெடலை அரையளவு அழுத்தி, சுரக் கட்டு மாறும் ஒவ்வொரு முறையும் சுத்தமாக மாற்றுங்கள். அடாஜியோவின் தொடக்கத்தில் பியானோ தனியாக உருட்டி எடுக்கும் கனத்த சுரக் கட்டுகளில் மேல் விரலுக்கு மட்டும் கொஞ்சம் எடை கொடுத்தால் போதும், கீழ் ஸ்வரங்கள் தாமாகவே நிற்கும்.

அந்தப் பகுதியின் முடிவுக்குச் சற்று முன்னால் வயலினும் ஹார்னும் எளிய ஒரு மெட்டை மெதுவாகப் பிடிக்கும். கடைசிப் பகுதி 6/8 வேட்டை வேகத்தில் ஓடப் போகும் மெட்டு அதுதான். பியானோ அங்கே முழுதும் ஒதுங்கி நின்றால்தான் கேட்பவர்கள் அதைப் பின்னால் அடையாளம் கண்டுகொள்வார்கள். கடைசிப் பகுதியின் வேகத்தையும் இந்த மெட்டை வைத்தே தீர்மானியுங்கள். பியானோக்காரருக்கு வசதியான வேகத்தில் எடுத்தால் வால்வு இல்லாத ஹார்னில் கை திறந்து மூட நேரம் கிடைக்காது, ஸ்வரங்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஹார்ன்காரர் கை திறப்பதும் மூடுவதும் தெளிவாகக் கேட்கும் வேகத்தை முதலில் தனியாக வாசித்துக் காட்டட்டும். மெட்ரோனோமில் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்ற இருவரும் அந்த வேகத்துக்கு வர வேண்டும்.